துருப்பிடித்த தோல்வேலைக் கருவிகளை மீட்பது: எதை எவ்வளவு தேய்க்க வேண்டும்?

வார்ப்பட்டை:
பழைய தோல்வேலைக் கருவிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அரைநிலாக் கத்தி ஒன்று, வைர முகக் குத்தூசி இரண்டு, 4 மி.மீ. இடைவெளியில் ஆறு பல் உள்ள பிரிக்கிங் அயர்ன் (தையல் துளைகளின் இடத்தை அடித்துக் குறிக்கும் கருவி), 3 முதல் 6 மி.மீ. வரை வட்டத் துளை வெட்டும் பஞ்சுகள் (punch), அகன்ற முகம் கொண்ட செருப்புத் தைப்பவர் சுத்தியல், இறுகிப்போன குறடு. எல்லாமே செம்பழுப்புத் துரு. சுத்தியலில் பழைய பெயின்ட் உரிந்து தொங்குகிறது. முதல் வேலையாக 3.5 மி.மீ. தாவரப் பதனீட்டுத் தோலில் ஒரு பெல்ட்டும் ஒரு கத்தி உறையும் செய்ய வேண்டும்.

கேள்வி இரண்டு. எல்லாவற்றையும் ஒரே அமிலத் தொட்டியில் போடலாமா? எல்லாவற்றையும் கண்ணாடி போலப் பளபளப்பாக்க வேண்டுமா?

துருநீக்கி:
இரண்டுக்குமே பதில் "வேண்டாம்". முதலில் பெட்டியை மூன்றாகப் பிரியுங்கள்.

கனமானவை (சுத்தியல் தலை, குறடு, பஞ்சுகள்): சிட்ரிக் அமிலம் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், பிளாஸ்டிக் வாளியில். வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் வேகம் கூடும். கருவி முழுவதும் மூழ்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நீர்மட்டத்தில் ஒரு கோடு அரிக்கும், அது பிறகு போகாது. அரை மணிக்கு ஒருமுறை எடுத்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். சாதாரணத் துரு 2 முதல் 6 மணி நேரத்தில் கழன்றுவிடும். "ராத்திரி முழுக்க ஊறட்டும்" என்று விடாதீர்கள். துரு தீர்ந்ததும் அமிலம் நல்ல இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும், முகம் சொரசொரப்பாகும்.

வெளியே எடுத்ததும் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கலந்த தண்ணீரில் முக்கி, கழுவி, உடனே சூடான காற்றில் உலர்த்துங்கள். ஈரத்தோடு ஐந்து நிமிடம் கிடந்தாலே ஆரஞ்சுப் பூச்சு வந்துவிடும். கைபொறுக்கும் சூடு இருக்கும்போதே எண்ணெய் தடவினால் குழிகளுக்குள் இறங்கும்.

மரப்பிடியைக் கழற்றாமல் தொட்டியில் இறக்காதீர்கள். நிக்கல், துத்தநாகப் பூச்சு உள்ளவையும் வேண்டாம். துத்தநாகம் கரைந்தே போகும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதை உலர வைத்துத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், ஈரமாக வைத்துச் சுரண்டி எடுங்கள், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டும் விளிம்பு உள்ளவை இரண்டாவது குவியல், மெல்லிய கூர்முனைகள் மூன்றாவது. அவற்றைப் பற்றி ஊசிமுனை சொல்லட்டும்.

ஊசிமுனை:
குத்தூசியை அமிலத்தில் போடவே வேண்டாம். அமிலம் இரும்போடு வினை புரியும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. அதில் கொஞ்சம் எஃகுக்குள் புகும். கடினமாகப் பதம் ஏற்றிய மெல்லிய எஃகு அதனால் நொறுங்கும் தன்மை பெறும். கனமான சுத்தியலுக்கு இது பொருட்டே இல்லை. ஆனால் 3 மி.மீ. அகலமுள்ள ஊசி, தடித்த தோலில் பக்கவாட்டு அழுத்தம் வாங்கும் ஊசி, பட்டென்று முறியும். முறிந்த முனை எதிரே தோலைப் பிடித்திருக்கும் கையில்தான் ஏறும். குறடுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குக்கும் இதே விதி.

குத்தூசிக்கு 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஒரு தட்டைக் குச்சியில் சுற்றி, எண்ணெய் விட்டு, நீளவாக்கில் மட்டும் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறல்கள் தோலைக் கவ்வும். அப்புறம் 800, 1500. நான்கு முகங்களும் தட்டையாகவே இருக்க வேண்டும். காகிதத்தைக் கையில் பிடித்து ஊசியைச் சுற்றித் தேய்த்தால் வைர வடிவம் உருண்டையாகிவிடும், அதோடு அது வெறும் ஆணி.

கூர் என்பது முனையில் 5 அல்லது 6 மி.மீ.க்கு மட்டும். மேலே உள்ள விளிம்புகளைக் கூராக்கினால், ஊசி உள்ளே போகப் போகத் துளையின் இரு மூலைகளையும் வெட்டிக்கொண்டே போகும், நூல் தளர்ந்து உட்காரும். மேல்பகுதி மழமழப்பாக இருக்கட்டும், கூர் வேண்டாம். 3 மி.மீ. தோல் துண்டில் குத்திப் பாருங்கள். "கிரீச்" என்று சத்தம் வந்தால் மெருகு போதாது. பின்பக்கம் தோல் மேடாகப் புடைத்து அதன் பிறகு முனை வெளிவந்தால் கூர் போதாது. இரண்டும் வேறு வேறு கோளாறு.

பளபளப்பு பற்றிய கேள்விக்கு என் பதில்: தோலைத் தொடும் முகம் எதுவோ அதற்கு மட்டும் மெருகு. மற்ற இடங்களில் கறுப்பேறிய பழைய நிறம் அப்படியே இருக்கட்டும். அந்தக் கறுப்புப் படலம் புதுத் துரு வருவதைத் தாமதப்படுத்தும். அதைச் சுரண்டி எடுத்து வெள்ளி போல ஆக்குவது உழைப்புக்கும் கேடு, கருவிக்கும் கேடு.

மின்முனை:
குறடு மாதிரி மூலைமுடுக்கு உள்ளதற்கு மின்பகுப்பு நல்லது. ஐந்து லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், கருவி எதிர்முனையில், பழைய இரும்புத் தகடு நேர்முனையில். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. 2 முதல் 4 ஆம்பியர் போதும். தகடு கருவிக்கு எதிரே இருக்கும் பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும், அதனால் நடுவில் ஒருமுறை திருப்பிவிட வேண்டும். அமிலம் போல நல்ல இரும்பைத் தின்னாது என்பது இதன் பெரிய வசதி.

துருநீக்கி:
மின்முனை சொன்னதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகை, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை, வைக்கவே கூடாது. அதிலுள்ள குரோமியம் ஆறு இணைதிறன் வடிவில் தண்ணீரில் இறங்கும். அது புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு; அந்தத் தண்ணீரைக் கொட்டவும் இடமில்லை. "ஸ்பூன் கரையவே இல்லை, ரொம்ப நாள் உழைக்குது" என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். கேட்காதீர்கள். குரோம் பூச்சு உள்ள கருவியும் வேண்டாம், பூச்சு தோலுரியும். அலுமினியப் பாகம் சோடா நீரில் அரிக்கும்.

ஹைட்ரஜன் வாயு கிளம்பும், திறந்த இடத்தில் வையுங்கள். கிளிப்பைக் கழற்றும் முன் சார்ஜரை அணையுங்கள், பொறி பறந்தால் ஆபத்து. கருவி எதிர்முனையில் இருப்பதால் ஹைட்ரஜன் புகும் சிக்கல் இங்கேயும் உண்டு. எனவே குத்தூசி இங்கேயும் வேண்டாம்.

இறுகிய குறடுக்கு முதலில் அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெயும் (தானியங்கிக் கியர் வண்டிகளுக்கானது) சரிபாதி கலந்து மூட்டில் சொட்டுங்கள். தானாகக் கலந்து நிற்காது, ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். தீப்பற்றும், பக்கத்தில் சூடு கூடாது. ஒரு நாள் விட்டு மெல்ல அசையுங்கள். அசைய ஆரம்பித்ததும் பழுப்புக் குழம்பு வெளியே வரும். அதைத் துடைத்து, திரும்பச் சொட்டி, பழுப்பு கலக்காத சுத்தமான எண்ணெய் வரும்வரை திறந்து மூடுங்கள். மூட்டு ஆணியைச் சுத்தியலால் அடித்துத் தளர்த்தினால் தாடைகள் பிறகு நேராகச் சேராது.

வார்ப்பட்டை:
அரைநிலாக் கத்தியில் துருவை எண்ணெயும் 400 நம்பரும் வைத்து எடுத்தால் விளிம்பிலேயே குழிகள் தெரிகின்றன. ஒரு கொம்புப் பக்கம் 1 செ.மீ. நீளத்துக்கு நீல நிறம் வேறு. யாரோ சாணைச் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள் போல. தேய்த்தால் நீலம் போய்விடுகிறது. பிரச்சினை தீர்ந்ததா?

சாணைக்கல்:
இல்லை. நிறம் மட்டும்தான் போயிற்று. நீலம் தெரிந்தால் அந்த இடம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாகியிருக்கிறது என்று பொருள். கத்திக்குப் பதம் தணிப்பது 200 முதல் 230 டிகிரிக்குள், வைக்கோல் மஞ்சள் நிறத்தில். நீலம் வரை போனால் எஃகு மென்மையாகிவிட்டது. கூர் பிடிக்கும், நிற்காது. அந்த 1 செ.மீ.யில் நீலம் எவ்வளவு ஆழம் இருந்ததோ அதுவரை விளிம்பைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். மின்சாணை வேண்டாம், அதே கதை திரும்ப நடக்கும். கரடுமுரடான கல்லில் கையால், தண்ணீர் விட்டு. நேரமாகும், பரவாயில்லை. கொம்புப் பகுதி மட்டும் உள்வாங்கினால் வளைவு கெடும் என்பதால் முழு வளைவையும் சீராகக் குறைத்து வாருங்கள்.

குழிக்கும் அதே கணக்கு. விளிம்பைத் தொடும் குழி ஒவ்வொன்றும் ஒரு சின்ன ரம்பப் பல்லாகும், தோலைச் சீவும்போது கோடு விழும். விளிம்பிலிருந்து 5 மி.மீ. தள்ளி இருக்கும் குழி எந்தத் தொந்தரவும் செய்யாது, அதை விட்டுவிடுங்கள்.

பிறகு கூர் வைப்பது. இரு பக்கமும் சேர்த்து 20 முதல் 25 டிகிரி. விளிம்பின் சரிவு முழுவதும் கறுப்பு மார்க்கரால் பூசி, 1000 நம்பர் கல்லில் இரண்டு தேய்ப்புத் தேயுங்கள். மை விளிம்பில் மிச்சம் இருந்தால் கத்தியைத் தாழ்த்திப் பிடிக்கிறீர்கள், சரிவின் மேல்கோட்டில் மிச்சம் இருந்தால் தூக்கிப் பிடிக்கிறீர்கள். இந்த ஒரு சோதனையிலேயே கை சரியான கோணத்துக்கு வந்துவிடும். வளைவு முழுவதையும் ஒரே இழுப்பில் தேய்க்க முயலாமல் மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் அடுத்ததில் கொஞ்சம் ஏறுமாறு செய்யுங்கள். மறுபக்கம் முழு நீளத்துக்கும் பிசிர் விரலில் தட்டுப்படாமல் பக்கம் மாற்றக் கூடாது. பிசிர் இல்லாத இடம் இன்னும் கூராகாத இடம்.

3000 நம்பருக்குப் பிறகு தீட்டுவார், அதாவது கூரை மெருகேற்றும் தோல்வார் (strop). பலகையில் ஒட்டிய தோலில் பச்சை குரோமியம் ஆக்சைடு கட்டியைத் தேய்த்து, கத்தியைப் பின்னோக்கி மட்டும் இழுங்கள். அழுத்தினால் தோல் அமுங்கி விளிம்பைச் சுற்றி எழும்பும், கூர் உருண்டுவிடும். பத்து லேசான இழுப்பு, அழுத்தி இழுத்த ஐம்பதைவிட மேல். வேலையின் நடுவில் ஒவ்வொரு நீண்ட வெட்டுக்குப் பிறகும் நாலைந்து இழுப்பு இழுத்தால் கல்லுக்கு வாரக்கணக்கில் போக வேண்டியிருக்காது.

ஊசிமுனை:
பிரிக்கிங் அயர்ன், பஞ்ச் இரண்டையும் யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

பிரிக்கிங் அயர்னைத் தட்டையான கண்ணாடி மேல் நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள். ஆறு பல்லும் தொட வேண்டும். ஒரு பல் முனை மழுங்கிக் குட்டையாக இருந்தால், அந்த இடத்தில் மட்டும் அடையாளம் மங்கலாக விழும், தையல் வரிசையில் ஆறுக்கு ஒன்று கோணலாகத் தெரியும். குட்டைப் பல்லின் மட்டத்துக்கு மற்ற ஐந்தையும் கல்லில் சமமாகக் குறைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றுக்கும் மெல்லிய வைர அரத்தால் முனை எடுக்க வேண்டும். பல்லுக்கு இடையே உள்ள பக்கச் சுவரில்தான் துரு அதிகத் தொல்லை தரும். அடித்தபின் அயர்ன் தோலில் மாட்டிக்கொண்டு வராததற்கு அதுதான் காரணம். 1000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சிறு கீற்றாக வெட்டி இடையில் நுழைத்து இழுங்கள். ஒவ்வொரு சில அடிக்கும் தேன்மெழுகில் ஒருமுறை குத்தி எடுத்தால் வழுக்கிக்கொண்டு வரும்.

பஞ்சுக்குக் கூர் வெளிப்பக்கத்தில் மட்டும். கல்லில் சாய்த்து உருட்டிக்கொண்டே தேயுங்கள். உள்ளே அரம் விட்டால் வாய் பெரிதாகும், 4 மி.மீ. பஞ்ச் 4.3 ஆகிவிடும். உட்குழி மேலே போகப் போக அகலும்படி செய்யப்பட்டிருக்கும், வெட்டிய வில்லை மேலேறி வெளியேற அது தேவை. உள்ளே துரு இருந்தால் வில்லைகள் அடைத்துக்கொள்ளும், அடைத்தபடி அடித்தால் வாய் பிளக்கும். மெல்லிய குச்சியில் எமரித் தாள் சுற்றி, விளிம்பைத் தொடாமல் உட்சுவரை மட்டும் சுத்தம் செய்யுங்கள்.

அடிபட்டுத் தலை காளான் போல விரிந்த பஞ்சை அப்படியே பயன்படுத்த வேண்டாம். விரிந்த விளிம்பிலிருந்து எஃகுச் சில் தெறித்துக் கண்ணுக்குப் போகும். அதைச் சாணையில் எடுத்து ஓரம் சரித்துவிட்டு, இனிமேல் நைலான் அல்லது மரக் கொட்டாப்புளியால் மட்டும் அடியுங்கள். கீழே தடித்த பிளாஸ்டிக் பலகை அல்லது மரத்தின் குறுக்குவெட்டு முகம்.

மேல்தோல்:
இடையில் ஒரு சந்தேகம். தாவரப் பதனீட்டுத் தோலை ஈரப்படுத்தி அச்சுக் குத்தும்போது நுண்ணிய கறுநீலப் புள்ளிகள் வருகின்றன. பூஞ்சையா? தோல் உலர்ந்திருக்கும்போது ஒன்றுமே தெரிவதில்லை.

பதனீடு:
பூஞ்சை இல்லை, இரும்பு. இந்த உரையாடலுக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் விரிவாக.

தாவரப் பதனீட்டுத் தோலில் டானின் நிறைந்திருக்கிறது. இரும்புத் துகளும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு டானேட் உண்டாகிறது, அது கறுநீலம். பழைய காலத்து எழுதும் மையும் இதே வேதியியல்தான். காடியில் இரும்புத் துண்டைப் போட்டு ஊறவைத்த நீரைப் பூசித் தோலைக் கறுப்பாக்கும் முறையும் இதுவே. வேண்டும் என்று செய்தால் சாயம், வேண்டாதபோது வந்தால் கறை.

துரு தேய்த்த அதே மேசையில் தோலை விரித்தால் இதுதான் நடக்கும். உலர்ந்த தோலில் துகள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும், தண்ணீர் பட்டதும் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. மிக மோசமானது ஸ்டீல் உல் (தேய்க்கப் பயன்படும் மெல்லிய இரும்பு இழைச் சுருள்). அதன் முறிந்த இழைகள் கை, துணி, மேசை இடுக்கு எல்லாவற்றிலும் ஒட்டும். தோல் வேலையும் கருவி மீட்பும் ஒரே அறையில் என்றால் ஸ்டீல் உல்லை விட்டுவிட்டு நைலான் தேய்ப்பானுக்கு மாறுங்கள். மேசையை ஈரத்துணியால் துடையுங்கள், ஊதித் தள்ளாதீர்கள். காந்தத்தைத் துணியில் சுற்றி மேசை மேல் ஓட்டினால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியும்.

அச்சுக் கருவிகளுக்குக் குரோம் பூச்சு இருப்பதற்கும் இது ஒரு காரணம். அதில் துருப்புள்ளி வந்தால் எமரி போட்டுப் பூச்சைக் கழற்றாதீர்கள். கழற்றினால் ஈரத்தோலில் ஒவ்வொரு அடியும் கறை விடும்.

வந்த கறைக்கு: 500 மி.லி. தண்ணீரில் 10 கிராம் ஆக்சாலிக் அமிலம். கையுறை கட்டாயம், பொடியை மூச்சில் இழுக்கக் கூடாது, நஞ்சு. புள்ளியில் மட்டும் தொட்டு வைத்தால் அந்த இடம் வெளுத்து வட்டம் விழும். தோல் துண்டு முழுவதும் பருத்திப் பஞ்சால் சீராகப் பூசி, சில நிமிடங்களில் புள்ளி மறைந்ததும் சுத்தத் தண்ணீரால் இரண்டு முறை துடைத்தெடுத்து, நிழலில் உலர்த்துங்கள். சாயமும் எண்ணெயும் ஏற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டும்.

வார்ப்பட்டை:
அப்படியானால் கத்தி உறையை ஈரமாக வைத்துக் கத்தி மேல் அமுக்கி வடிவம் எடுக்கும்போது கத்தியே கறை விடாதா?

பதனீடு:
விடும், கத்தியும் துருப்பிடிக்கும். கத்தியை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே டேப் ஒட்டிய பிறகு உறைக்குள் நுழைத்துவிடுங்கள். தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் வேண்டாம். ஈரத்தோல் 70 டிகிரியைத் தாண்டினால் சுருங்கிக் கட்டையாகிவிடும், மீட்க முடியாது. சீக்கிரம் உலரட்டும் என்று சூட்டுக் காற்று பிடிப்பதும் இதனால்தான் ஆபத்து. விரலால் அமுக்கி வடிவம் வந்ததும் கத்தியை உருவிவிட்டு, ஒரு நாள் காற்றாட வையுங்கள்.

உறைக்கு எண்ணெய் அதிகம் விட்டால் எடுத்த வடிவம் தொய்யும். மேலே ஒரு மெழுகுப் பூச்சுப் போதும். கார்பன் எஃகுக் கத்தியை மாதக்கணக்கில் உறையிலேயே வைத்திருக்காதீர்கள். தோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மீட்ட கத்தி மறுபடி குழி விழும்.

கைப்பிடி:
சுத்தியலுக்கு வருகிறேன். முகத்தை 2000 நம்பர் வரை மெருகேற்றுபவர்கள் உண்டு. எனக்கு அது அவசியமாகத் தெரியவில்லை, 600 போதும். அதைவிட ஓரம் முக்கியம். முகம் மிக லேசாகக் குவிந்திருக்க வேண்டும், சுற்று விளிம்பு 2 மி.மீ. அளவுக்கு உருண்டிருக்க வேண்டும். கூரான ஓரம் ஒரே ஒரு தடவை சாய்ந்து பட்டால் தோலில் பிறைக் கீறல் விழும், அதை எந்த மெழுகும் மறைக்காது. ஒட்டிய மடிப்பையும் தைத்த வரியையும் தட்டி அமுக்கும் இந்தச் சுத்தியலால் பஞ்சையோ ஆணியையோ அடிக்க வேண்டாம். முகத்தில் ஒரு வடு விழுந்தால் அது ஒவ்வொரு அடியிலும் தோலில் பதியும்.

பிடி ஆடினால் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். மரம் உப்பி இறுகியது போலத் தெரியும். ஆனால் இரும்புக் கண்ணுக்குள் நார்கள் நசுங்கிவிடும், உலர்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும். புதுப்பிடி போடுங்கள். நன்றாக உலர்ந்த மரம், முனையில் பார்த்தால் வளையக் கோடுகள் அடிக்கும் திசையோடு ஒத்துப் போக வேண்டும். கண்ணின் நீளவாக்கில் மர ஆப்பு ஒன்று, அதற்குக் குறுக்கே சின்ன இரும்பு ஆப்பு ஒன்று. ஆப்புக்கான ரம்ப வெட்டு கண்ணின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு இறங்கட்டும்.

பிடிக்கு வார்னிஷ் வேண்டாம், கை வழுக்கும், கொப்புளம் வரும். ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து, கால் மணி கழித்து மிச்சத்தை முழுவதும் துடைத்தெடுங்கள். மறுநாள் இன்னொரு பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் எறியக் கூடாது. இந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு விடும், சுருட்டிய துணிக்குள் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

வார்ப்பட்டை:
கடைசியாக ஒன்று. உறை ஓரத் தையல் 18 செ.மீ. நடுவில் பட்டி வைத்து மூன்று அடுக்கு, மொத்தத் தடிமன் 9 மி.மீ. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்துத் தைக்கும் தையலுக்கு "நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல்" என்கிறார்கள். அது போதுமா?

ஊசிமுனை:
போதாது. நான்கு மடங்கு என்பது மெல்லிய பணப்பைக்குச் சொன்ன கணக்கு. ஒவ்வொரு தையலிலும் இரு பக்கமும் ஓர் இடைவெளி நீளமும், துளை வழியே இரண்டு தடவை தடிமனும் நூல் ஓடுகிறது. இடைவெளியையும் தடிமனையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, இடைவெளியால் வகுங்கள். உங்களுக்கு 4 + 9 = 13, இரு மடங்கு 26, அதை 4-ஆல் வகுத்தால் 6.5 மடங்கு. 18 செ.மீ.க்கு 117 செ.மீ. இரண்டு ஊசிக்கும் பிடித்து இழுக்கத் தலா 30 செ.மீ., இரு முனையிலும் மும்மூன்று பின்தையலுக்குச் சுமார் 16 செ.மீ. ஆக 193. இரண்டு மீட்டராக வெட்டுங்கள். 0.8 மி.மீ. மெழுகு நூல் சரியாக இருக்கும்.

9 மி.மீ. தடிமனில் பிரிக்கிங் அயர்ன் முழுதும் இறங்காது, இறக்கவும் முயலாதீர்கள். மேல் அடுக்கில் அடையாளம் மட்டும் போட்டுவிட்டு, மீட்ட குத்தூசியால் ஒவ்வொரு துளையாக, அடையாளத்தின் சாய்வுக்கு ஏற்ப முனையைத் திருப்பி, தோலுக்குச் செங்குத்தாகக் குத்துங்கள். கை இரண்டு டிகிரி சாய்ந்தாலே பின்பக்க வரிசை அலை பாயும். தொடங்கும் முன் பின்பக்கத்திலும் ஓரத்திலிருந்து அதே தூரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டால், முனை அந்தக் கோட்டில் வருகிறதா என்று ஒவ்வொரு துளைக்கும் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.